நாற்பத்தொன்று

வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
நோவோசிபிர்ஸ்கின் பஸ்கள் தம் புகையைத் தாமே மோதிக்கொண்டு போகின்றன.
உள்ளே, பதினோரு மீட்டர் எஃகுக் குழலில்
காலையிலிருந்து ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமில்லாததை உண்டாக்கவே
பம்புகள் மூன்று வாரம் உழைத்தன
என்பதையும் சொல்லியாக வேண்டும்.
பிறகு அதற்குள் ஒரு மூச்சளவு டியூட்டீரியம்.
இரு முனையிலும் காந்தம் கழுத்தைப் பிடிக்கும்.
பக்கத்துச் சாளரம் வழியே நுண்ணலை பாயும்.
எரிய வேண்டும்.
எரியவில்லை.

நான் பதிவேடு எழுதுகிறவள்.
முப்பத்தேழு: இல்லை.
முப்பத்தெட்டு: இல்லை.
முப்பத்தொன்பதில் கை அலுத்து
'மேற்படி' என்று போட்டேன்.

போன வருடம் வரை
குழலின் முனையில் ஒரு பிளாஸ்மா துப்பாக்கி இருந்தது.
பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கிவருவதுபோல
சுடச்சுட ஊதிக் கொடுத்துவிடும்.
அதைக் கழற்றிவிட்டோம்.
இனி எங்கள் அடுப்பை நாங்களே மூட்டவேண்டும்,
தீக்குச்சி இல்லாமல்,
அலையை மட்டும் வைத்துக்கொண்டு.

கைரோட்ரான் ரிம்மாவின் பொறுப்பு.
அவள் கணக்கில் பிசகில்லை:
காந்தக் கோட்டைச் சுற்றும் எலக்ட்ரானுக்கு
இடத்துக்கு இடம் ஒரு தாளம்.
குழலுக்குள் எங்கோ, முட்டையோட்டுத் தடிமனில்,
ஒரே ஒரு தளத்தில்தான்
அதன் தாளமும் அலையின் தாளமும் ஒன்று.
அங்கே ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தள்ளு,
ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரி.
தளம் சரி. தாளம் சரி. தள்ளும் சரி.
நாற்பது தடவை தள்ளினோம்.

நாற்பத்தொன்றாவதற்கு முன்
சோல்போனுக்கு வீட்டிலிருந்து போன்.
மகளின் காலுறையில் ஒன்றைக் காணோமாம்.
ஹீட்டருக்குப் பின்னால் பார், இல்லை, இடது பக்கம்,
என்று சொல்லிக்கொண்டே
தன் பலகையில் எல்லாப் பச்சை விளக்கையும் சரிபார்த்தான்,
ஒன்றைத் தவிர.

சங்கு ஊதியது.
சுருள்கள் முனகின.
திரையில் ரோஜா நிறத்தில்
ஒரு கதிர், இரு முனையும் கூம்பி.
நான்கு மில்லி விநாடி.
ஓர் இமைப்புக்குள் ஐம்பது அடங்கும்.

யாரும் கத்தவில்லை.
'மறுபடி' என்றாள் ரிம்மா.
நாற்பத்திரண்டு: இல்லை.

சோல்போன்தான் மெல்ல எழுந்து நின்றான்.
அழுத்தமானியின் இழையைச்
சுடுவதற்கு முன் அணைக்கவேண்டும், அது விதி.
'போன தடவை மறந்துவிட்டேன்,
இந்தத் தடவை மறக்கவில்லை.'

அப்போதுதான் புரிந்தது.
அவ்வளவு சுத்தமாகத் துடைத்துவைத்த வெற்றிடத்தில்
இத்தனை நேரம் நாங்கள் தள்ளியது
வெறும் ஊஞ்சலை.
சுட்டுச் சிவந்த ஓர் இழையிலிருந்து
தவறிச் சிதறிய சில எலக்ட்ரான்கள் ஏறி உட்கார்ந்ததும்
ஒன்று இன்னொன்றை அணுவிலிருந்து உதைத்துத் தள்ளி,
இரண்டு நான்காகி,
பிறகு எண்ண யாருக்கு நேரம்.

நாற்பத்து மூன்றில் இழை எரிந்தது.
பிளாஸ்மாவும்.

இந்தக் குழலில் ஒரு வேடிக்கை உண்டு:
நேராகப் போகிறவை
முனை வழியே போயே போய்விடும்.
சுற்றிச் சுழல்பவைதான்
இறுகிய கழுத்தில் முட்டித் திரும்பி வரும்.
அலை சூடேற்றுவதென்பது அந்தச் சுழற்சியைத்தான்.
எவ்வளவு சுழற்றினாலும், இடித்துப் புடைத்து,
சில நேராகிவிடும்.
அவற்றைத் தடுக்க இன்னும் வழி தெரியாது எங்களுக்கு.

வெனியமின் வந்து பார்த்துவிட்டு
'கட்டுப்படுத்தப்பட்ட விதை எலக்ட்ரான் மூலம்'
என்று அறிக்கையில் போடச் சொன்னார்.
அறிக்கையில் அப்படியே போடுவார்கள்.
பதிவேட்டில் நான் எழுதியது:
41: உண்டு. சோல்போன் மறந்தான்.

இரவு பத்தரைக்கு
கீழ்த்தளச் சமையலறை மைக்ரோவேவில்
மூவருக்கும் சேர்த்து ஒரே தட்டுப் பெல்மெனி.
தட்டு சுழன்றது, மணி அடித்தது.
ஓரமெல்லாம் நாக்கைச் சுடும் சூடு.
நடுவில் இருந்தவை அப்படியே கல்.
'இதற்கும் தளம் தப்பிவிட்டது' என்றாள் ரிம்மா.
காலுறை கிடைத்ததா என்று கேட்டேன்.
கிடைக்கவில்லையாம்.